வீடற்றோரைப் பற்றி வீடுள்ளோரிடமும் கேட்போம்

பதினாறு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடைபெறவிருக்கிறது. கரோனா பரவலால் தள்ளிவைக்கப்பட்ட அந்தப் பணி, 2027 மார்ச் 1-ஆம் தேதியைக் குறிப்பு நாளாகக் கொண்டு நிறைவுபெறும் என 2025 ஜூன் மாதம் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. ஜாதிவாரி விவரம், தொகுதி மறுவரையறை என்று இக்கணக்கெடுப்பைச் சுற்றி எழும் விவாதங்கள் பல. அவற்றில் ஒரு பிரிவினர் மட்டும் பேசப்படுவதே இல்லை. எண்ணுவதற்குக் கதவு எண்ணே இல்லாத மக்கள் அவர்கள்.

சாலையோரம், நடைபாதை, மேம்பாலத்தின் அடிப்பகுதி, மாடிப்படியின் கீழ், சிமென்ட் குழாய், கோயில் மண்டபம், ரயில் நிலைய நடைமேடை ஆகியவற்றில் திறந்தவெளியில் வசிப்போரை 'வீடற்ற குடும்பங்கள்' என மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரையறுக்கிறது. 2011-இல் பிப்ரவரி 28-ஆம் தேதி இரவு அவர்கள் எண்ணப்பட்டனர். நாடு முழுவதும் 17.73 லட்சம் பேர் எனக் கணக்கு வந்தது. 2001-இல் இது 19.43 லட்சம். குறைந்துவிட்டதே என்று ஆறுதல் அடைய முடியாது. கிராமப்புறங்களில்தான் எண்ணிக்கை குறைந்தது. நகர்ப்புறங்களில் 7.78 லட்சமாக இருந்தது 9.38 லட்சமாக உயர்ந்தது. அதாவது பத்தாண்டுகளில் ஐந்தில் ஒரு பங்கு அதிகரிப்பு.

இந்த முறையும் எண்ணிக்கை கிடைத்துவிடும். ஆனால், எண்ணிக்கை என்பது 'எத்தனை பேர்' என்ற வினாவுக்கான விடை மட்டுமே. அரசு நிதி ஒதுக்கித் திட்டம் தீட்ட வேண்டுமானால் 'ஏன்' என்ற வினாவுக்கும் விடை வேண்டும். அந்த விடையைப் பெறும் முறையில்தான் நம் ஆய்வுகள் பலவும் தடுமாறுகின்றன.

கல்லூரியில் பொருளியலும் புள்ளியியல் முறைகளும் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். இன்றும் ஆய்வு மாணவர்கள் சிலர் வினாப் பட்டியலுடன் வீட்டுக்கு வருவதுண்டு. அண்மையில் ஒரு மாணவி கொண்டுவந்த பட்டியலின் மையமான வினா இது: 'நீங்கள் வீடற்றவர் ஆனதற்குக் காரணம் என்ன?' அதன் கீழே ஏழு கட்டங்கள். வறுமை, வேலையின்மை, குடும்பத் தகராறு, மதுப் பழக்கம், மனநலப் பாதிப்பு, இயற்கைப் பேரிடர், பிற. நடைபாதையில் உள்ள 400 பேரைச் சந்தித்து, எந்தக் கட்டத்தில் எத்தனை விழுக்காடு என்று அட்டவணை தயாரிப்பது அவரது திட்டம்.

உழைப்பும் அக்கறையும் மிகுந்த மாணவி அவர். ஆனாலும், இந்த அட்டவணை வீடற்றோரை விவரிக்குமே தவிர, வீடின்மைக்கான காரணத்தைச் சொல்லாது என்று அவரிடம் கூறினேன். அதற்கான விளக்கம் அவருக்கு மட்டும் உரியதன்று. வீடற்றோர் குறித்து வெளியாகும் எந்தப் புள்ளிவிவரத்தைப் படிக்கும்போதும் நாம் அனைவரும் மனத்தில் கொள்ள வேண்டியது.

முதலாவது, ஒப்பீடு. நடைபாதையில் வசிக்கும் நூறு பேரில் முப்பது பேருக்கு மதுப் பழக்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 'வீடின்மைக்கு 30 விழுக்காடு காரணம் மது' என்று மறுநாள் தலைப்புச் செய்தி வரும். அதே தொழில், அதே வருமானம் கொண்டு வாடகை அறையில் வசிக்கும் நூறு பேரிடம் விசாரித்து, அங்கும் இருபத்தெட்டுப் பேருக்கு அந்தப் பழக்கம் இருப்பதாகத் தெரிந்தால் என்ன சொல்வோம்? இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்ட கற்பனை எண்கள். தெருவில் இருப்போரிடம் ஒரு கூறு மிகுந்து காணப்படுவதாலேயே அது அவர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்த காரணம் ஆகிவிடாது. வீட்டில் இருப்போரிடம் அது எந்த அளவில் உள்ளது என்று பார்த்த பிறகே எதையும் சொல்ல முடியும்.

இது இறக்குமதிச் சரக்கு அன்று. இந்தியாவில் ஏற்கெனவே கற்ற பாடம். 1943 வங்கப் பஞ்சத்தின்போது கிராமங்களிலிருந்து வந்து கொல்கத்தா வீதிகளில் தஞ்சமடைந்த ஆதரவற்றோரைக் கொல்கத்தா பல்கலைக்கழக மானுடவியலாளர் தாரக்சந்திர தாஸ் நேரடியாக ஆய்வு செய்தார். பஞ்சம் தணிந்தபின், 1944-45-இல், பி.சி. மகலனோபிஸ் தலைமையில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் வங்கக் கிராமங்களில் மாதிரிக் கணக்கெடுப்பு நடத்தியது. முன்னது வீதிக்கு வந்துவிட்டவர்களைப் பார்த்தது. பின்னது வீழ்ந்தவர்களையும் தப்பிப் பிழைத்தவர்களையும் ஒருசேரப் பார்த்தது.

1981-இல் வெளியான 'வறுமையும் பஞ்சங்களும்' நூலில் அமர்த்திய சென் இத்தரவுகளை எடுத்தாண்டார். எந்தத் தொழில் செய்தோரில் எத்தனை விழுக்காட்டினர் வாழ்விழந்தனர் என்ற விகிதம் கிராமத் தரவிலிருந்தே கிடைத்தது. விவசாயக் கூலிகள், மீனவர்கள், போக்குவரத்துத் தொழிலாளர்கள் ஆகியோரிடையே அந்த விகிதம் உயர்ந்திருந்தது. சொந்த நிலத்தில் பயிரிட்டவர்களும், விளைச்சலில் பங்கு பெறும் வாரக் குத்தகையாளர்களும் ஒப்பீட்டளவில் தாக்குப்பிடித்தனர். நெல்லாகப் பங்கு பெற்றவர் பிழைத்தார். காசாகக் கூலி பெற்றவர், அந்தக் காசுக்கு அரிசி கிடைக்காமல் வீழ்ந்தார். வீதியில் கிடந்தவர்களை மட்டும் கேட்டிருந்தால் 'பசி' என்பதே காரணமாகப் பதிவாகியிருக்கும். கிராமத்தில் எஞ்சியவர்களையும் கேட்டதால்தான் கூலிக்கும் விலைக்கும் இடையிலான உறவு வெளிப்பட்டது.

இரண்டாவது, காலம். ஓர் ஊரில் பத்துப் பேர் ஆண்டு முழுவதும் தெருவிலேயே வசிக்கிறார்கள். இவர்களைத் தவிர, ஒவ்வொரு மாதமும் புதிதாகப் பத்துப் பேர் வீடிழந்து தெருவுக்கு வந்து, ஒரே மாதத்தில் எப்படியோ ஓரிடம் தேடிக்கொண்டு போய்விடுகிறார்கள். எந்த இரவில் எண்ணினாலும் இருபது பேர் இருப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் நெடுநாள் தெருவாசிகள். ஆனால், ஆண்டு முழுவதற்கும் கணக்கிட்டால் வீடின்மையைச் சந்தித்தவர்கள் 130 பேர். நெடுநாள் தெருவாசிகள் அவர்களில் 8 விழுக்காடுகூட இல்லை. ஓரிரவு ஆய்வு, நீண்ட காலம் சிக்கிக்கொண்டவர்களை மிகைப்படுத்திக் காட்டும். முதுமை, மனநலப் பாதிப்பு, உடற்குறை போன்றவை ஒருவர் தெருவிலிருந்து மீள்வதைத் தாமதப்படுத்துபவை. தெருவுக்கு வந்ததற்கான காரணமும், தெருவிலிருந்து மீள முடியாததற்கான காரணமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஓரிரவு ஆய்வு இரண்டையும் கலந்துவிடுகிறது.

முன்பின் வரிசையும் இங்கே முக்கியம். தூக்கமின்மை, அச்சம், அவமானம் ஆகியவற்றோடு ஐந்தாண்டுகள் நடைபாதையில் கழித்தவரிடம் காணப்படும் மனச்சோர்வு, அவர் வீடிழந்ததற்கு முந்தையதா, பிந்தையதா? இன்றைய நிலையை மட்டும் பதிவு செய்யும் வினாப் பட்டியலால் இதைப் பிரித்தறிய இயலாது.

மூன்றாவது, இடம். தீபாவளிக்கு முந்தைய இரவில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் கடைசிப் பேருந்து நிற்கிறது. அதில் 55 இருக்கைகள்; காத்திருப்போர் 70 பேர். பேருந்து கிளம்பியபின், விடுபட்ட 15 பேரிடம் 'ஏன் ஏற முடியவில்லை?' என்று கேட்டுப் பாருங்கள். மூட்டுவலி என்பார் ஒரு முதியவர். கையில் குழந்தை என்பார் ஒரு தாய். மூட்டை கனம் என்பார் இன்னொருவர். எல்லாம் உண்மை. ஆனால், பதினைந்து பேர் விடுபட்டதற்குக் காரணம் மூட்டுவலியோ குழந்தையோ அல்ல; இருக்கைகள் 55 மட்டுமே இருந்தன என்பதுதான். யார் விடுபடுவார் என்பதைத் தனிமனிதப் பலவீனம் தீர்மானிக்கிறது. எத்தனை பேர் விடுபடுவர் என்பதை இருக்கைகளின் எண்ணிக்கை தீர்மானிக்கிறது.

அமெரிக்க ஆய்வாளர்கள் கிரெக் கோல்பர்ன், கிளேட்டன் பேஜ் ஆல்டர்ன் ஆகியோர் 2022-இல் வெளியிட்ட நூல் இதே வேறுபாட்டை நகரங்களுக்கிடையே ஒப்பிட்டு நிறுவியது. வறுமை மிகுந்த டெட்ராய்ட்டில் வீடின்மை விகிதம் குறைவு. செல்வம் கொழிக்கும் சியாட்டிலிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் அது மிக அதிகம். போதைமருந்து மரணங்களில் முன்னணியில் உள்ள மேற்கு வர்ஜீனியாவில் வீடின்மை அந்த அளவுக்கு இல்லை. நகரத்துக்கு நகரம் காணப்படும் வேறுபாட்டை வறுமையோ போதையோ விளக்கவில்லை; வாடகையின் உயரமும் காலி வீடுகளின் பற்றாக்குறையும் விளக்கின.

இதன் ஆய்வுமுறைப் பொருளை இங்கே கவனிக்க வேண்டும். சென்னையில் மட்டும் ஆய்வு நடத்தினால், வீடிழந்தவரும் இழக்காதவரும் ஒரே வாடகைச் சந்தையில்தான் இருக்கிறார்கள். எல்லோருக்கும் பொதுவான ஒன்று, யாரையும் யாரிடமிருந்தும் வேறுபடுத்திக் காட்டாது. ஆகவே, 'வாடகைக்குத் தொடர்பில்லை, பழக்கவழக்கமே காரணம்' என்ற தவறான முடிவை அந்த ஆய்வே தந்துவிடும். கோவை, மதுரை, திருப்பூர், சேலம், திருச்சி என வாடகை நிலவரம் வேறுபடும் நகரங்களையும் சேர்த்தால்தான் வாடகையின் பங்கு கண்ணுக்குப் புலப்படும்.

இந்த மூன்றையும் மனத்தில் கொண்டால், நல்ல ஆய்வு எப்படி அமைய வேண்டும் என்பது ஓரளவு தெளிவாகும்.

கடந்த ஓராண்டுக்குள் வீடிழந்தவர்களைத் தனிப் பிரிவாகக் கொள்ள வேண்டும். அவர்கள் கடைசியாக நிலையாகக் குடியிருந்த பகுதியைக் கேட்டறிந்து, அதே பகுதியில் அதே வாடகை நிலையில் இன்றும் குடியிருக்கும் இருவரை ஒப்பீட்டுக்காகத் தெரிவு செய்ய வேண்டும். இருதரப்பினரிடமும் ஒரே வினாக்களைக் கேட்க வேண்டும். ஒரே தெருவில் ஒரே வாடகையில் இருந்த மூவரில் ஒருவர் மட்டும் ஏன் நடைபாதைக்கு வந்தார் என்பதற்கான விடை, அந்த மூவரையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் கிடைக்கும்.

சென்னைக்கே உரிய இன்னொரு பிரிவும் உண்டு. பாரிமுனை, பிராட்வே பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக நடைபாதையிலேயே வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. அங்கேயே பிறந்து, திருமணமாகி, பிள்ளை பெற்றவர்களிடம் 'ஏன் வீட்டை இழந்தீர்கள்?' என்று கேட்பதில் பொருளில்லை. இழப்பதற்கு வீடு இருந்ததே இல்லை. 'ஏன் இன்னும் வீடு கிடைக்கவில்லை?' என்பதே அவர்களுக்கான வினா. இரு பிரிவினரையும் ஒரே அட்டவணையில் கலந்தால் இருவரைப் பற்றியும் தவறான சித்திரமே கிடைக்கும்.

வினாக்களின் வடிவமும் மாற வேண்டும். 'காரணம் என்ன?' என்று நேரடியாகக் கேட்டால் 'தலையெழுத்து' என்பார் ஒருவர்; குடும்பத்தைக் காட்டிக்கொடுக்க விரும்பாத இன்னொருவர் 'வேலை இல்லை' என்பார். அதற்குப் பதிலாக, கடைசியாகக் குடியிருந்த ஐந்து இடங்களை வரிசையாகக் கேட்கலாம். எப்போது போனீர்கள், யாருடன் இருந்தீர்கள், வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, எந்த மாதம் காலி செய்தீர்கள், அதற்கு முந்தைய மூன்று மாதங்களில் என்ன நடந்தது? தேதி நினைவில்லாதவர்களுக்கு 2015 டிசம்பர் வெள்ளம், 2016 நவம்பர் பணமதிப்பிழப்பு, 2020 மார்ச் ஊரடங்கு, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் போன்ற நிகழ்வுகள் காலக் கற்களாக உதவும். 'வெள்ளத்துக்கு முன்பா, பின்பா?' என்று கேட்டால் விடை சொல்லாதவர் அரிது. நோயா, கடனா, வேலையிழப்பா, வெளியேற்றமா என்பதை ஆய்வாளர் அந்த வரிசையிலிருந்து கண்டறிய வேண்டும். பதிலளிப்பவர் தலையில் அந்தச் சுமையை ஏற்றக் கூடாது.

முன்பணம் பற்றிய வினாவை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. குடியிருப்புக்கான முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்பது 2017-ஆம் ஆண்டு தமிழக வாடகைச் சட்டத்தின் விதி. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது சென்னையில் நெடுநாள் வழக்கம். மாதம் 5,000 ரூபாய் வாடகை கொடுக்க முடிந்த ஒருவர், ஒரே நேரத்தில் 50,000 ரூபாய் புரட்ட முடியாமல் தெருவில் நிற்கக்கூடும். மாத வருமானத்தை மட்டும் கேட்கும் வினாப் பட்டியல் இவரைக் கண்டுகொள்ளாது.

மாதிரியைத் தெரிவு செய்வது இவ்வாய்வின் கடினமான பகுதி. முகவரி இல்லாதவர்களைக் குலுக்கல் முறையில் தெரிவு செய்ய எந்தப் பட்டியலும் இல்லை. இரவில் மட்டும் தேடினால், பாதுகாப்புக்காக மறைவிடம் நாடும் பெண்கள் விடுபடுவர். 2013 முதல் சென்னையில் இயங்கும் அம்மா உணவகங்கள், அரசு மருத்துவமனை வளாகங்கள், இரவுக் காப்பகங்கள் ஆகியவற்றில் பகலிலும் சந்திப்பது இக்குறையை ஓரளவு போக்கும். அப்போது ஒரு திருத்தம் தேவைப்படும். வாரம் ஏழு நாளும் உணவகத்துக்கு வருபவர், ஒரு நாள் மட்டும் வருபவரைவிட ஏழு மடங்கு அதிகமாகக் கண்ணில் படுவார். ஆகவே, அவரது பதிலுக்குக் கணக்கில் ஏழில் ஒரு பங்கு எடை மட்டுமே தர வேண்டும்.

எத்தனை பேரைச் சந்திக்க வேண்டும்? ஐந்து விழுக்காடு பிழை வரம்புக்கு 384 பேர் போதும் என்று பாடநூல்கள் சொல்கின்றன. மாணவி 400 என்று வைத்ததும் அதனால்தான். அந்தக் கணக்கு ஒருவரோடொருவர் தொடர்பில்லாதவர்களைத் தனித்தனியாகத் தெரிவு செய்யும்போது மட்டுமே செல்லும். ஒரே மேம்பாலத்தின் கீழ் வசிக்கும் இருபது பேர் பெரும்பாலும் ஒரே ஊரினர், ஒரே தொழிலினர். அவர்களிடம் கிடைப்பது இருபது தனித் தகவல்கள் அன்று. ஆகவே, குறைந்தது இரு மடங்கு மாதிரி தேவைப்படும். அதுவும் நகர வாரியாக, பாலின வாரியாகப் பிரித்துப் பார்க்க விரும்பினால் இன்னும் கூடும்.

எல்லாவற்றுக்கும் மேலானது நம்பிக்கை. 1945-ஆம் ஆண்டின் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் தமிழகத்தில் நடைமுறையில் இருந்துவரும் சட்டம். நள்ளிரவில் காவலர் துணையோடு வந்து பெயர் கேட்பவரை நடைபாதையில் வசிப்பவர் ஆய்வாளராகப் பார்க்க மாட்டார். அப்புறப்படுத்த வந்தவராகவே பார்ப்பார். ஆதார் எண் கேட்காமலும், புகைப்படம் எடுக்காமலும், துல்லியமான இருப்பிடத்தை வெளியிடாமலும் ஆய்வு நடத்தப்பட வேண்டும். இன்று திரட்டும் தகவல் நாளை வெளியேற்றப் பட்டியலாக மாறாது என்ற உறுதி இல்லாவிட்டால், எந்தப் புள்ளியியல் திருத்தமும் பொய்யான பதிலை மெய்யாக்காது.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்கலாம். காரணம் மாறினால் தீர்வும் மாறும் என்பதே என் பதில். மதுவும் மனநலமுமே காரணம் என்றால் காப்பகமும் மருத்துவரும் போதும். நகர்ப்புறங்களில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு நூறு பேர் தங்கும் காப்பகம் என்ற அளவுகோல் ஏற்கெனவே தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டுதலில் உள்ளது. குடியிருப்புகள் இல்லாததே காரணம் என்றால், கண்ணகி நகர், பெரும்பாக்கம் போலப் புறநகரில் அடுக்குமாடிகள் கட்டலாம். வேலை பாரிமுனையிலும் வீடு பெரும்பாக்கத்திலும் இருப்பவர், பேருந்துக்கே கூலியைச் செலவிட்டு, மீண்டும் நடைபாதையில் உறங்க வருவாரா என்பதையும் ஆய்வுதான் சொல்ல வேண்டும். முன்பணமும் திடீர் மருத்துவச் செலவும்தான் பலரைத் தள்ளிவிடுகின்றன என்று தெரியவந்தால், வீடிழப்பதற்கு முன்பே தரப்படும் சிறு உதவி, பின்னர் காப்பகத்துக்கு ஆகும் பெருஞ்செலவைத் தவிர்க்கும்.

2027 பிப்ரவரியில் கணக்கெடுப்பாளர்கள் நம் தெருக்களுக்கு வருவார்கள். அவர்கள் தரும் எண்ணிக்கை, மாதிரி ஆய்வுக்குத் தேவையான அடிப்படைச் சட்டகமாக அமையும். இத்தகைய வாய்ப்பு மீண்டும் வர இன்னும் பத்தாண்டுகள் ஆகும். மாநிலத் திட்டக் குழுவும் பல்கலைக்கழகப் பொருளியல், புள்ளியியல் துறைகளும் இணைந்து, குறைந்தது ஆறு நகரங்களில் ஒப்பீட்டுக் குழுவுடன் கூடிய ஆய்வை இப்போதே வடிவமைக்கத் தொடங்கலாம். அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் அதே மக்களைத் தேடிச் சென்று, யார் மீண்டார், யார் மீளவில்லை என்று பதிவு செய்ய முடிந்தால் இன்னும் நன்று.

அந்த மாணவி தனது வினாப் பட்டியலைத் திருத்திக்கொண்டிருக்கிறார். ஏழு கட்டங்களை நீக்கிவிட்டார். நடைபாதையில் சந்திக்கவிருந்தவர்களில் பாதியைக் குறைத்து, வாடகை வீடுகளில் இருப்போரைச் சேர்த்திருக்கிறார். ஒரு தனி மாணவியால் முடிந்தது அவ்வளவுதான். எஞ்சியதைச் செய்யும் ஆள்பலமும் நிதியும் அரசிடம் இருக்கின்றன.